எடுப்பதையும் எண்ணுங்கள்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் ஓர் அட்டவணையைத் தருவார்கள். அதில் மூன்று நிறங்கள் இருக்கும். இலக்கை எட்டிய கட்டம் பச்சை, தள்ளாடும் கட்டம் மஞ்சள், தவறிய கட்டம் சிவப்பு. சிவப்பு ஏன் சிவப்பானது என்று விசாரிக்க இங்கே எல்லாரும் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். பச்சையை விசாரிக்க யாரும் கற்றுத்தர மாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெறும் வயது எனக்கு ஆகவில்லை. முப்பதுகளில் இருப்பவள் 'பணி அனுபவங்கள்' எழுதுகிறேன் என்றால் என் அம்மாவே சிரிப்பார். ஆனால் இந்தத் தொழிலை விட்டு விலகுகிறேன். அடுத்த மாதம் முதல் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கப்போகிறேன். கோபத்தில் போகவில்லை. வேலை பிடித்திருக்கும்போதே போகிறேன், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் இருக்கும் நம் அலுவலகத்தின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வேறு நாடுகளில் நடக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்கள் சொன்னபடி நடக்கின்றனவா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறோம். நம்மை அமர்த்துவது பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்கு நிதி தரும் பணக்கார நாடு. எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. புதிதாக ஒரு வேலை வந்ததும் நான் முதலில் பார்ப்பது, கடிதம் எந்த அமைச்சிலிருந்து வருகிறது என்பதை. சுகாதார அமைச்சிலிருந்து வந்தால் அது ஒரு மாதிரி வேலை. வெளியுறவு அமைச்சிலிருந்து வந்தால் முற்றிலும் வேறு மாதிரி.

நான் சொல்லப்போகும் வேலை வெளியுறவு அமைச்சிலிருந்து வந்தது. பெறும் நாடு ஒரு சின்னத் தீவு நாடு. அதன் துறைமுக விரிவாக்கமும் கருத்தடைத் திட்டமும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தன. பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தால்தான் துறைமுகத்தின் அடுத்த கட்டம். தீவில் இன்று பிள்ளைகள் குறைந்தால், ஒரு தலைமுறை கழித்து வேலை தேடிப் படகேறி வரும் இளைஞர்களும் குறைவார்கள் என்பது நிதி தரும் நாட்டின் கணக்கு. கூட்டத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'வட்டார நிலைத்தன்மை' என்பார்கள். அந்தச் சொல் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருங்கள்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். தீக்குச்சி அளவுள்ள ஒரு கருத்தடைக் குச்சியைப் பெண்ணின் மேல்கையில், தோலுக்கு அடியில் வைப்பார்கள். சில ஆண்டுகள் வேலை செய்யும். வேண்டாம் என்றால் எந்த நேரத்திலும் எடுத்துவிடலாம். அதை மனதார விரும்பி வைத்துக்கொண்ட பெண்கள் அந்தத் தீவில் நிறையப் பேர். இதை மறந்துவிட்டு மற்றதைப் படிக்காதீர்கள்.

இலக்கு, எத்தனை பெண்களின் கையில் குச்சி இருக்கிறது என்பது. வைத்தால் ஒன்று கூடும். எடுத்தால் ஒன்று குறையும். எடுப்பதற்கு ஒப்பந்தத்தில் 'இழப்பு' என்று பெயர். எங்கள் அட்டவணையில் அந்த 'இழப்பு' வரிசை முழுக்கப் பூஜ்யம். குச்சி வைக்கும் ஒவ்வொரு மருந்தகமும், ஒவ்வொரு காலாண்டும் பூஜ்யம். அத்தனையும் பச்சை.

அடுத்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட இரண்டு நாட்டாரும் சிங்கப்பூர் வந்திருந்தார்கள். தீவு நாட்டிலிருந்து சுகாதார இயக்குநரும், எலினா என்ற மூத்த தாதியும் வந்தனர். திட்டம் களத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்வதற்காக எலினாவை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டல். கையெழுத்துக்கு முந்தின நாள் கூட்டம் சீக்கிரமே முடிந்தது. "வளையல் வாங்கணும். எங்க கிடைக்கும்?" என்றாள் எலினா. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் நினைவில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அதை எழுத எலினா சம்மதித்திருக்கிறாள்.

பக்கத்திலேயே லிட்டில் இந்தியாவில் வளையல் வாங்கினோம். அண்ணன் மகள்களுக்கு என்று ஆரம்பித்துத் தனக்கும் ஒரு டஜன் எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் தமிழில் அவளிடம் விலை சொல்ல, அவள் தன் மொழியில் பேரம் பேச, இரண்டு பேரும் எப்படியோ ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிறகு தேக்கா உணவு நிலையத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். தே ஹாலியா வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இஞ்சியா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு நாளா அந்தக் கூட்டத்துல கழுவின தண்ணி மாதிரி ஒண்ணு குடிக்கிறேன்," என்றாள்.

பிறகு சட்டென்று சட்டைக் கையை மேலே சுருட்டி, என் விரலைப் பிடித்துத் தன் இடது மேல்கையின் உட்புறத்தில் வைத்தாள்.

"தெரியுதா?"

தோலுக்கு அடியில் மெல்லிய, உறுதியான ஒன்று தட்டுப்பட்டது.

"குச்சி," என்றேன். அத்தனை வருடம் குச்சிகளை எண்ணியிருக்கிறேன். ஒன்றைத் தொட்டது அன்றுதான்.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு தூதர். பெட்டி மேல அவங்க கொடி, 'எங்கள் மக்களின் அன்பளிப்பு'ன்னு எழுத்து. 'தூதரை வெச்சுக்கிட்டியா'ன்னுதான் பொம்பளைங்க கேட்டுக்குவாங்க." சிரித்தாள். "வந்த தூதரு போக மாட்டேங்கிறாரு."

குச்சியை வைத்துக்கொண்டபோது அவளுக்கு அது வேண்டியிருந்தது. முதல் கல்யாணம் முறிந்துகொண்டிருந்த காலம் அது. இப்போது மறுபடி கல்யாணம் ஆகியிருந்தது. குழந்தை வேண்டும். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"யாரு எடுக்கிறது? டாக்டரைக் கேட்டா, 'இந்த மாசம் அறிக்கை போகுது, அடுத்த மாசம் வா'ங்கிறாரு. அடுத்த மாசம் கத்தி வரலைங்கிறாரு. பக்கத்து மருந்தகத்துத் தாதி என் சிநேகிதி. அவளே, 'எனக்குச் சிவப்பு விழும்டி'ங்கிறா."

"உங்ககிட்டயும் யாராவது கேட்டு வருவாங்களா?"

"வராம? 'டாக்டர் லீவு'ன்னு சொல்லி அனுப்பிடுவேன். எங்க டாக்டருக்கு வருஷம் பூரா லீவு." இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "எங்க மருந்தகம் பச்சையா இருந்தாத்தான் பிரசவ அறைக்கு ஜெனரேட்டர் தருவாங்க. நான் என்ன செய்ய?"

தேநீரை முழுவதும் குடித்துவிட்டுக் கேட்டாள். "உங்க ஊர்ல இதை எடுக்க ஆளு இருக்கா? நாளைக்குச் சாயந்திரம் எனக்கு பிளைட்."

இருக்கிறார்கள் என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நாளைக்குக் கூட்டத்துல எதையும் சொல்லிடாதீங்க. எங்க பக்கத்துல இருக்கிறது ரெண்டே பேரு. இயக்குநருக்கு உடனே தெரிஞ்சுடும், யாரு சொன்னதுன்னு. என் வேலை போயிடும்."

லிட்டில் இந்தியாவிலிருந்து என் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்குக்கு ரயில் மாறாமல் போகலாம். யோசிக்க நல்ல தடம் அது. சொன்னால் எலினா மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால், எலினாவின் கையிலிருப்பதை இங்கே எடுத்துவிடலாம், அங்கே மற்றப் பெண்களுக்கு இன்னும் ஐந்து வருடம் டாக்டர் லீவு. இந்த இரண்டையும் தவிர வேறு வழி இருக்கிறதா? புக்கிட் பாஞ்சாங் வரும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக் கீழ்த்தளத்தில் நின்றபடியே எங்கள் மேலாளரை அழைத்தேன். கூட்டங்களில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். தமிழில் தனியாகப் பேசும்போது எனக்கு அவர் அண்ணன்.

"அண்ணே, எடுத்தவங்க வரிசை ஏன் பூஜ்யமா இருக்கு?"

"எல்லாருக்கும் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். நல்லதுதானேம்மா."

"எல்லாருக்குமா? ஒருத்தருக்குக்கூடத் தலைவலி வரல, ஒருத்தருக்குக்கூடப் பிள்ளை ஆசை வரலையா?"

"வாணி, நாளைக்குக் கையெழுத்து லா. ரெண்டு நாடு, ஒரு துறைமுகம். இப்பப் போய் ஒரு வரிசையைத் தோண்டுற?"

"ஆமா."

"யாராச்சும் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அதைக் கேக்காதீங்கண்ணே."

நான் அப்படிச் சொன்னதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "சரி, நான் கேக்கல. ஆனா நாளைக்கு அவங்க கேக்கிற முதல் கேள்வியே இதுதான். அதுக்கு ஒழுங்கான பதில் இருந்தாப் பேசு. இல்லாட்டி வாயைத் திறக்காத. உன்னைக் காப்பாத்த என்னால முடியும். அவங்களைக் காப்பாத்த முடியாது."

எதிர்ப்பவரைப் போலத் தோன்றுகிறவர் சில நேரம் சரியான கேள்வியை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டுப் போவார். மறுத்துப் பேசுகிறாரே என்று கோபித்துக்கொள்ளாமல் கேள்வியை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் கிடைத்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அம்மா தொலைக்காட்சி பார்த்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு அண்ணன்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய கேலி உண்டு: 'அவனுங்க ரெண்டு பேரும் நாங்க கேட்டது, உன்னைக் கவர்மெண்ட்டு கேட்டுச்சு.' அன்றைக்கு அந்தக் கதையை முழுதாகச் சொல்லச் சொன்னேன்.

"உன் சின்ன அண்ணன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில ஆளாளுக்கு 'ரெண்டு போதும், ரெண்டு போதும்'னாங்க. சரின்னுட்டோம். கொஞ்ச வருசம் போனதும் டிவியில மூணு பெத்துக்கலாம்னு வருது. உங்கப்பா சொன்னாரு, 'கவர்மெண்ட்டே இறங்கி வந்து கேக்குது, குடுத்துடுவோம்'னு."

"அப்ப நீங்க ஆபரேஷன் பண்ணிக்கலையா?"

"நான் பயந்தாங்கொள்ளி. உன் சித்தி பண்ணிக்கிட்டா." அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அந்த விளம்பரம் வந்தா எந்திரிச்சுப் போய் டிவியை அணைச்சுடுவா. ஒண்ணும் சொல்ல மாட்டா. அணைச்சுடுவா, அவ்வளவுதான்."

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மேசையில் ஐந்து பேர். நிதி தரும் நாட்டின் அதிகாரி, கண்ணியமான ஒரு பெண்மணி, வந்த நாளிலிருந்து எங்கள் அலுவலக அன்னாசி டார்ட்டுகளை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். தீவு நாட்டு இயக்குநர், எலினா, எங்கள் மேலாளர், நான். அட்டவணையைத் திரையில் காட்டினேன். பச்சையைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

"கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு திருத்தம்," என்றேன். "வைப்பதை ஒரு சேவையாக எண்ணுகிறோம். கேட்டவருக்கு எடுத்துக்கொடுப்பதையும் அதே மாதிரி ஒரு சேவையாக எண்ணுவோம். அதற்கும் பச்சை."

அதிகாரி டார்ட்டைத் தட்டில் வைத்தார். "அது இழப்பாச்சே?"

இயக்குநர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "எங்க ஆளுங்க யாராவது உங்ககிட்டப் புகார் சொன்னாங்களா?"

எலினா சர்க்கரை போடாத தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். புது வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன.

இந்த மாதிரி நேரத்தில் பொய் சொல்லாதீர்கள். பொய் பிறகு வேறு யார் தலையிலாவது விழும். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. நான் திரும்பித் திரையைக் காட்டினேன்.

"இதுதான் என் கேள்வி. இத்தனை ஆண்டுகளில், இத்தனை பெண்களில், ஒருவர்கூட எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. என் வேலையில் இப்படிப்பட்ட பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை. பெண்கள் மனசு மாறும். அவர்களை விடுங்கள், அரசாங்கங்களுக்கே மாறும். இந்த ஊரில் இரண்டு போதும் என்றார்கள். பிறகு மூன்று வேண்டும் என்றார்கள். நான்தான் அந்த மூன்றாவது."

முதலில் சிரித்தவர் அதிகாரி. பிறகு இயக்குநரும் சிரித்துவிட்டார். எலினாவின் கரண்டி நின்றது. சிரிப்பு அடங்கியதும், டிவியை அணைத்த என் சித்தியைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் திரும்பி வர வழி இருக்கவில்லை. இந்தக் குச்சிக்கு வழி இருக்கிறது, அந்த வழியை நமது கணக்கே அடைத்துவிடக் கூடாது என்றேன்.

"எண்ணிக்கை இறங்கும்," என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. "எங்க அமைச்சர் நாடாளுமன்றத்துல ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லுவார். அது இறங்கினா நான் அவர்கிட்ட என்ன சொல்றது?"

"ஒவ்வொரு பெட்டியிலும் உங்கள் கொடி இருக்கிறது. நாளைக்கு ஒரு பெண் பத்திரிகையில், 'இது என் கையில இருக்கு, எடுக்க மாட்டேங்கிறாங்க' என்று சொன்னால், அந்த நாடாளுமன்றத்தில் அன்றைக்கு என்ன சொல்வார்?"

அதுவரை பேசாமல் இருந்த எங்கள் மேலாளர் மெல்லச் சொன்னார். "பெட்டியில அன்பளிப்புன்னு எழுதியிருக்கு. வேண்டாம்னா திருப்பிக் கொடுக்க முடியணும்ல?"

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து உதவி வந்தது. இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எடுக்கிறதும் பச்சைன்னா எங்களுக்கு என்ன சிரமம்? மருந்தகங்களுக்கு நாளைக்கே சுற்றறிக்கை அனுப்பிடுவேன்." அவர் குரலில் இருந்தது நிம்மதி. மருந்தகங்களைப் பச்சைக்காக விரட்டியவர் அவர்தான். அவரை விரட்டியது துறைமுகம்.

அதிகாரி வெளியே போய்த் தன் தலைநகரோடு பேசினார். திரும்பி வந்து எங்கள் திருத்தத்தைத் தானே பேனாவால் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். துறைமுகத்தையும் பெண்களின் பிள்ளைப்பேற்றையும் ஒரே தாளிலிருந்து பிரிக்க என்னால் முடியவில்லை. அது நம் மேசையில் முடிவாகும் காரியமும் இல்லை. நம் மேசையில் முடிவாவது, எதை எண்ணுவது, எதற்கு என்ன பெயர் வைப்பது என்பது. அது சின்ன அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது எலினாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். "இனிப் பயமில்ல. ஊருக்குப் போய் உங்க மருந்தகத்துலயே முதல் ஆளா நீங்க எடுத்துக்கலாம். உங்களைப் பார்த்து மத்தவங்களும் வருவாங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அழகா இருக்கு. கூட்டத்துல பேசுற மாதிரியே இருக்கு. சுற்றறிக்கை படகுல வரும். என் வயசு படகுக்கு நிக்குமா? நடங்க, நீங்க சொன்ன டாக்டர்கிட்டப் போவோம்."

என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். ஒரு நல்ல காரியம் முடிந்த கையோடு, அதற்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆளைத் தேடும் புத்தி நம் தொழிலில் எல்லாருக்கும் வரும். எனக்கு அது வந்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது.

சிராங்கூன் ரோட்டின் பக்கத்துச் சந்தொன்றில் அந்த மருந்தகம். கட்டுமான ஊழியர்களும் சளி பிடித்த பிள்ளைகளும் நிறைந்த வாசல். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் டாக்டர் எங்களை உள்ளே அழைத்தார். என் அம்மா வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எலினாவைப் பார்த்தார். எலினா நேராக உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். தான் யார், எப்போது வைத்தது, ஏன் எடுக்க வேண்டும், கணவர் என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தாள்.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "எந்தக் கை?"

எலினா வாயை மூடிக்கொண்டாள். பிறகு இடது கையை நீட்டினாள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை இருமி முடிப்பதற்குள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதிக நேரம் ஆகவில்லை. கையில் கட்டோடு வந்தாள்.

டாக்சியில் சாங்கிக்குப் போனோம். விமான நிலையக் கோபுரம் தெரிந்தபோது, "ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே அந்தம்மா," என்றாள். "இனி எங்கிட்ட வர்றவங்ககிட்ட நானும் கேக்க மாட்டேன்."

அதற்கடுத்த காலாண்டு அறிக்கை வந்தபோது எடுத்தவர்கள் வரிசையில் முதல்முறையாக எண்கள் இருந்தன. குச்சி இருக்கும் கைகளின் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியது. அதிகாரி மின்னஞ்சலில் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னோம். ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு புதிதாக வைத்துக்கொள்ள வருகிறவர்கள் கூடினார்கள். நினைத்தால் எடுக்கலாம் என்று தெரிந்தபின் வைத்துக்கொள்ளப் பயம் இல்லை. இந்த மாதம் முதல் அந்த அட்டவணை உங்கள் கைக்கு வருகிறது. எடுத்தவர்கள் வரிசையை ஒவ்வொரு காலாண்டும் தவறாமல் பாருங்கள். அது மறுபடி பூஜ்யமானால் தொலைபேசியை எடுங்கள்.

எண்களைக் கூட்டிச் சரிபார்க்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தீவிலிருந்து எடுக்கப்பட்ட முதல் குச்சி இதில் இல்லை. அது சிங்கப்பூரில், ஒரு சந்து மருந்தகத்தில் எடுக்கப்பட்டது. எந்த நாட்டின் கணக்கிலும் அது ஏறவில்லை. நான் ஏற்றவும் இல்லை. அது எலினாவின் கை.